மூலையும் விளிம்பும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்தெரு ஒன்றில் சிறிய பட்டறை. வி.எம்.சி. வெட்டு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அலுமினியக் கட்டையில் குடையப்பட்டுக்கொண்டிருந்தது நான் வடிவமைத்த எக்ஸ்-பேண்ட் ஃபில்டர். ஜாப் முடிய இருபது நிமிடம் இருந்ததால் மடிக்கணினியை விரித்து, அதே ஃபில்டரின் சிமுலேஷன் மெஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேட்டர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைச் சார் என்பதை விட்டதில்லை.

“மூலையில ஒண்ணையுமே காணோமே சார்? இந்தத் தடுப்போட முனையில மட்டும் முக்கோணமா அப்பிக் கெடக்கு. எனக்கு மூலையிலதானே வேலையே!”

‘அங்கே புலமே இல்லை அண்ணே’ என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் மெஷின் ‘பீப்’ அடித்து அவரை அழைத்துக்கொண்டது. அன்று முடியாமல் போன அந்த உரையாடலைத்தான் இங்கே தொடர்கிறேன். துல்லியம் என்ற ஒரே சொல்லைக் கணினித் திரையிலும் கட்டர் முனையிலும் வைத்துப் பார்த்தால், இரண்டும் எங்கே உறவு, எங்கே பகை?

நான் இருப்பது சேக்காடு. ஆவடியில் மின்ரயில் ஏறினால் அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் தாண்டிப் பட்டரவாக்கம். இறங்கினால் தொழிற்பேட்டை. இந்தத் தடத்துக்கு மைக்ரான் புதிதல்ல. 1949இலேயே அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்துவிட்டது, 1964இல் தொழிற்பேட்டை, அடுத்த ஆண்டு ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அலை பற்றிய படிப்போ நகரின் மறுபக்கம் இருக்கிறது: கிண்டியில் ஐ.ஐ.டி., தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம். மேற்கே உலோகம், தெற்கே அலை. ஃபில்டர் வேலைக்காரன் இரண்டுக்கும் நடுவே ரயிலில் போய்வருகிறவன்.

அண்ணன் சுட்டிய மூலையிலிருந்தே தொடங்குவோம்.

கட்டருக்கு உள்மூலை எட்டாத இடம். சுழலும் கருவி தன் ஆரத்தை மூலையில் விட்டுவிட்டுத்தான் வரும், 6 மி.மீ. எண்ட் மில் போனால் 3 மி.மீ. வளைவு மிச்சம். கணினிக்கு அதே உள்மூலை ஓய்வறை. ஃபில்டருக்குள் இருக்கும் செவ்வகப் பெட்டியின் முதல் ஒத்ததிர்வில், செங்குத்து மூலைக்கோட்டில் மின்புலமும் பூஜ்யம், காந்தப்புலமும் பூஜ்யம். கணக்குப் போட அங்கே ஒன்றுமில்லை என்று மென்பொருள் பெரிய பெரிய நான்முகிகளை வைத்துவிட்டு நகர்கிறது.

இப்போது பெட்டிகளுக்கு இடையே திறப்பு விட்டு நிற்கும் ஐரிஸ் தடுப்பின் விளிம்புக்கு வாருங்கள். கட்டருக்கு இது வெளிமூலை. ஒரு பக்கம் வெட்டி, திரும்பி, மறுபக்கம் வெட்டினால் கத்திபோல விளிம்பு தானாக வந்து நிற்கும், கஷ்டமே இல்லை. கணினிக்கு இதுதான் நரகம். 90 பாகை உலோக முனையில் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் மூலத்துக்குத் தலைகீழாக ஏறுகிறது. விளிம்புக்குள்ள தூரம் ஆயிரத்தில் ஒரு பங்கானால் புலம் 10 மடங்கு, விளிம்பிலேயே முடிவிலி. எளிய பல்லுறுப்புக் கோவைகளால் நெய்த மெஷ் முடிவிலியை எப்படிப் பிடிக்கும்? நெருங்க நெருங்கச் சின்னச் சின்ன முக்கோணங்களாக அடுக்கி, துரத்திக்கொண்டே இருக்கும். அண்ணன் கண்ணில் பட்ட அப்பல் அதுதான்.

ஆக, ஒன்றின் சுலபம் மற்றதன் சிரமம். அதே தடுப்பின் அடியில் ஒருவர் திணறுகிறார், நுனியில் மற்றவர். சமச்சீரில் ஆசையுள்ளவனுக்கு இதுவே போதும். ஆனால் விளிம்பில் இன்னொரு வேடிக்கை உண்டு. பட்டறை டிராயிங்குகளில் ‘கூர்விளிம்புகளை நீக்கவும்’ என்று ஒரு வரி பொதுவாகவே இருக்கும். கையைக் கிழிக்கக் கூடாது, பிசிறு இருக்கக் கூடாது. நல்ல வேலைக்காரரின் லட்சணம் அது. அவர் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் விளிம்பு வட்டமாகிவிடும். கணினி இரவெல்லாம் துரத்திய முடிவிலி அந்த இரண்டு இழுப்பில் செத்துப்போகும். கூடவே ஐரிஸின் திறப்பு மாறும், பெட்டிகளுக்கு இடையிலான இணைப்பு மாறும், பாஸ்பேண்டின் அகலமும் மாறும். அதனால் என் டிராயிங்கில் ‘ஐரிஸ் விளிம்பில் பிசிறு மட்டும் எடுக்கவும், அரம் போட வேண்டாம்’ என்று எழுதுகிறேன். கூர்மையாக விடச் சொல்லும் டிராயிங்கைப் பட்டறைகள் இன்னமும் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன.

மூலை நிஜமாகவே ஓய்வறைதானா? எக்ஸ்-பேண்ட் அலைக்குழலின் அகலம் 22.86 மி.மீ. 10 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 19.85 மி.மீ. நான்கு மூலைகளிலும் 3 மி.மீ. வளைவு விட்டால் அதிர்வெண் எவ்வளவு நகரும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தால், ஐந்தரை மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறுகிறது. மூலையில் புலம் பூஜ்யம்தான். ஆனால் மூன்று மி.மீ. தள்ளி பூஜ்யமில்லை. வளைவை 1.5 மி.மீ. ஆக்கினால்? பாதி ஆரத்துக்குப் பாதிப் பிழை என்றுதான் மனம் நினைக்கும். பிழை பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது, அரை மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே. மூலையில் வெட்டாமல் விடும் பரப்பு ஆரத்தின் வர்க்கமாகக் குறைகிறது. அங்குள்ள புலத்தின் ஆற்றலும் தூரத்தின் வர்க்கமாகக் குறைகிறது. இரண்டும் பெருகி நான்காம் படி.

“அப்படியானால் சின்னக் கட்டர் போடுங்கள் அண்ணே” என்று சொல்லிவிடலாம். பட்டறைப் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிட்டுச் சொல்வோம். குடையும் பள்ளத்தின், அதாவது பாக்கெட்டின், ஆழம் 10.16 மி.மீ. கட்டர் அவ்வளவு நீளம் வெளியே தொங்க வேண்டும். ஒரு முனை பிடிக்கப்பட்ட தண்டு, மறுமுனையில் விசை. வளைவு விட்டத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ். 6 மி.மீ. கட்டரை 3 ஆக்கினால், அதே விசைக்கு, அதே நீட்டத்துக்கு, 16 மடங்கு வளையும். வளைந்த கட்டர் சுவரை விட்டு விலகும். விலகல் நுனியில் அதிகம் என்பதால் பாக்கெட் மேலே சரியாகவும் அடியில் ஒடுங்கியும் இருக்கும். ஒடுங்கினால் அதிர்வெண் ஏறும்.

மூலையில் 16 மடங்கு லாபம், சுவரில் 16 மடங்கு நஷ்டம். மேக்ஸ்வெல் சமன்பாடுகளும் இரும்புத்தண்டு வளையும் விதியும் ஒன்றையொன்று அறியாதவை. இருந்தும் ஒரு 6 மி.மீ. கட்டரின் இரு பக்கத்திலும் அதே நான்காம் படி. காரணம் ஒன்றல்ல, தற்செயல்தான். அதனால் மகிழ்ச்சி குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடைமுறை பதிலை அண்ணன் எப்போதோ கண்டுவைத்திருக்கிறார்: பெரிய கட்டரில் குடைந்து, சின்னக் கட்டரை மூலைக்கு மட்டும் மெல்ல அனுப்புவது. மென்பொருளும் இதையேதான் செய்கிறது. பரந்த இடத்தில் பெரிய நான்முகி, தேவையான இடத்தில் மட்டும் பொடி.

வட்டத்தில் இருவரும் இன்னும் நெருக்கம். உருளைப் பெட்டியை மெஷ் ஆக்கும்போது வட்டம் பலகோணமாகிறது. 16 பக்கமுள்ள உள்பலகோணத்தின் பரப்பு வட்டத்தைவிட இரண்டரை சதவீதம் குறைவு. ஒத்ததிர்வு ஆரத்தை மட்டும் பொறுத்த வகையில் 10 கிகாஹெர்ட்ஸில் 130 மெகாஹெர்ட்ஸ் போல ஏறிவிடும். 64 பக்கமாக்கினால் 8 மெகாஹெர்ட்ஸ். பட்டறைக்கு வட்டம் வட்டமாகவே தெரியும், ஒரே கட்டளையில் வில்லாகச் சுற்றிவரும் என்று நாம் நினைப்போம். சிக்கலான வளைபரப்பு வந்தால் கட்டருக்குப் பாதை போடும் கேம் மென்பொருளும் அதைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக நறுக்கித்தான் மெஷினுக்குக் கொடுக்கிறது. எவ்வளவு நறுக்கலாம் என்று கேட்கும் பெட்டிக்கு அங்கே பெயர் ‘டாலரன்ஸ்’. சிமுலேஷனிலும் அதே விஷயத்தைக் கேட்கும் ஒரு பெட்டி உண்டு. இரண்டிலும் பெரும்பாலோர் இயல்பாக இருக்கும் எண்ணைத் தொடாமல் ‘ஓகே’ அழுத்துகிறோம்.

இனி ஒப்புமையில் என்னை அதிகம் தொந்தரவு செய்யும் இடம். வேலை முடிந்தது என்று இருவரும் எப்படி முடிவு செய்கிறார்கள்?

அண்ணன் ஃபினிஷிங் கட் முடிந்ததும், புதிதாக ஆழம் கொடுக்காமல், அதே பாதையில் கட்டரை இன்னொரு முறை ஓட்டுவார். சீவல் வராவிட்டால் சரி. கணினி மெஷ்ஷை ஒரு சுற்று பொடியாக்கித் திரும்பக் கணக்கிடும். முந்தைய விடைக்கும் இந்த விடைக்கும் உள்ள வித்தியாசம் கொடுத்த வரம்புக்குள் இருந்தால் சரி. இரண்டும் ஒரே உத்தி: திரும்பச் செய், மாறவில்லையா, நிறுத்து. ஓட்டையும் ஒன்றே. மாறவில்லை என்பதற்குச் சரியாக இருக்கிறது என்று பொருளில்லை.

ஃபில்டரில் இந்த ஓட்டை பெரிது. மெஷ்ஷைப் பொடியாக்க ஒரு அதிர்வெண்ணைக் கொடுக்க வேண்டும். அது பாஸ்பேண்டுக்கு வெளியே விழுந்துவிட்டால் அலை முதல் ஐரிஸிலேயே திரும்பிவிடும். உள்ளே இருக்கும் பெட்டிகளில் ஆற்றலே இல்லை. ஆற்றலில்லாத இடத்தை மென்பொருள் திரும்பிப் பார்ப்பதில்லை. வாசலை மட்டும் மெழுகிவிட்டு ‘கன்வெர்ஜ்டு’ என்று பச்சைக்கொடி காட்டும். அளவியை வைக்காத இடத்தில் அளவு சரியென்று கையெழுத்துப் போடுவதும் இதுவும் ஒன்றுதான்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. அலைக்குழலின் படிகளையும் ஐரிஸ்களையும் மெஷ் இல்லாமல், இரு பக்கத்து அலைவகைகளைப் பொருத்திக் கணக்கிடும் பழைய முறையில், எத்தனை வகைகளை எடுத்துக்கொள்வது என்ற கேள்வி வரும். இரு பக்கமும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் விடை நிலைக்கும். ஆனால் அந்த எண்ணிக்கைகளின் விகிதம் தவறாக இருந்தால் தவறான விடையில் போய் அழகாக நிலைக்கும். ‘சார்பு ஒருங்கல்’ என்று சொல்லத்தக்க இதைப் பற்றி ராஜ் மித்ரா 1963இல் எழுதினார். சரியான விகிதம் எது என்பதைத் தீர்மானிப்பது விளிம்பில் புலம் எப்படி ஏறுகிறது என்பதே. நாம் விளிம்பை விட்டு வந்தாலும் விளிம்பு நம்மை விடவில்லை, பாருங்கள்.

தன்னைத் தானே ஒப்பிடுவதிலிருந்து தப்ப வெளியே ஓர் அளவுகோல் வேண்டும். பட்டறையிடம் அது மரப்பெட்டியில், எண்ணெய்த் தாளில் சுற்றி இருக்கிறது: சிலிப் கேஜ். மைக்ரோமீட்டர் பொய் சொல்கிறதா என்று கேஜைக் கேட்கலாம். கணினிக்கு அப்படியொன்று உண்டா? ஓரளவு உண்டு. ஐரிஸ் இல்லாத வெற்றுச் செவ்வகப் பெட்டியின் அதிர்வெண்ணை எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் சூத்திரத்தால் சொல்லலாம். அதே மெஷ் அமைப்பில் வெற்றுப் பெட்டியை ஓட்டினால் மென்பொருளின் சுயரூபம் தெரியும். நான் எந்த ஃபில்டரையும் தொடங்குமுன் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்கிறேன். ஆனால் உறவு இங்கே அறுகிறது. சிலிப் கேஜ் நாளை வெட்டப்போகும் ஜாபுக்கும் பொருந்தும். வெற்றுப் பெட்டியில் ஐரிஸ் இல்லை, விளிம்பு இல்லை, எனவே பெரிய சிரமமும் இல்லை. சுலபமான தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியதால் பையன் கடினமான தேர்வில் தேறுவான் என்று நம்ப முடியாது.

அதற்கு இன்னொரு வழி, வேறு இயல்புடைய சாட்சியைக் கூப்பிடுவது. கட்டங்களில் நேரத்தை நகர்த்திக் கணக்கிடும் முறை 1966இல் யீ காட்டியது. அதன் கட்டத்தில் அலை நிஜத்தைவிடச் சற்று மெதுவாகப் போகும், அதனால் ஒத்ததிர்வு பெரும்பாலும் கீழே விழுந்து, கட்டம் பொடியாகப் பொடியாக மேலே ஏறிவரும். நான்முகி மெஷ்ஷிலோ பெரும்பாலும் மேலேயிருந்து கீழே இறங்கும். இரண்டையும் ஓட்டினால் உண்மை நடுவில் சிக்கும். பட்டறையில் இதற்கு இணை, கோ-நோகோ கேஜ்: ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது.

என் கருத்தில் இவ்விரு உலகங்களின் மிக அழகான உறவு திருத்தும் விதத்தில்தான் இருக்கிறது. முதல் பீஸ் வெட்டியதும் அண்ணன் அளக்கிறார். பாக்கெட் 12 மைக்ரான் சிறிது. கட்டர் ஏன் விலகுகிறது, தேய்மானமா, வளைவா, ஸ்பிண்டில் சூடா என்று அவர் ஆராயப் போவதில்லை. ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து, அந்த வித்தியாசத்தைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுகிறார். மெஷினைத் திருத்தவில்லை, மெஷினிடம் கேட்பதைத் திருத்தினார்.

1994இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஜான் பேண்ட்லரும் உடனுழைத்தவர்களும் முன்வைத்த ‘ஸ்பேஸ் மேப்பிங்’ அச்சில் இதுவே. விரைவான, சற்றுப் பிழையான சுற்று மாதிரி ஒரு பக்கம். மெதுவான, நம்பகமான மின்காந்தக் கணக்கு மறுபக்கம். விரைவான மாதிரியை வைத்து அளவுகளைக் கண்டு, மெதுவானதில் ஒருமுறை ஓட்டி, எவ்வளவு தள்ளிப்போனது என்று பார்த்து, அந்தத் தள்ளலைக் கேட்கும் அளவிலேயே கழித்துவிட்டுத் திரும்பக் கேட்பது. நூறு முறை ஓட வேண்டியது பல நேரம் நாலைந்தில் முடிகிறது. இதைப் புரியவைக்கப் பேண்ட்லர் பின்னாளில் எடுத்துக்கொண்ட உதாரணம் பாலாடைக்கட்டியை வேண்டிய அளவுக்கு வெட்டுவது. கத்தியும் கட்டியும்! அம்பத்தூரில் யாரும் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வேண்டியதில்லை. கட்டுரைதான் அம்பத்தூருக்குத் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

இனி என் ஃபில்டருக்கு வருகிறேன். பாஸ்பேண்ட் அகலம் 50 மெகாஹெர்ட்ஸ். வெள்ளிப்பூச்சு முடிந்து வந்ததைச் சேக்காட்டு அறையில் அனலைசரில் மாட்டினால், வளைவின் வடிவம் கச்சிதம். மொத்தமும் 9 மெகாஹெர்ட்ஸ் மேலே தள்ளி நிற்கிறது. உடனே பட்டறைக்குப் போன் போட்டேன். அளவுகள் ஐந்து மைக்ரானுக்குள் என்று அண்ணன் ரிப்போர்ட் அனுப்பினார். அவர் கணக்கு சரி. என் மெஷ்ஷை இன்னும் இரண்டு சுற்று பொடியாக்கினேன், விடை அசையவில்லை. என் கணக்கும் சரி. இருவரும் சரியாக இருந்து பொருள் மட்டும் தப்பாக இருப்பதெப்படி?

தவறு இரண்டு வீட்டுக்கும் இடைப்பட்ட தெருவில் கிடந்தது. அண்ணன் அளந்தது பூச்சுக்கு முன். நான் கணக்கிட்டது பூசிய பெட்டியை. எட்டு மைக்ரான் வெள்ளி எல்லாச் சுவரிலும் ஏறினால் நீளமும் அகலமும் 16 மைக்ரான் சுருங்கும்; அதிர்வெண் 8 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவாக ஏறும். டிராயிங்கில் ‘பூச்சுக்குப் பின்’ என்ற இரண்டு சொல் இல்லை. எழுத மறந்தவன் நான். அடுத்தது மூலை. டிராயிங்கில் 3 மி.மீ. ஆரத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டு, மாதிரியில் கூர்மூலையாகவே வரைந்திருந்தேன், அங்கே புலமே இல்லை என்ற இறுமாப்பில். அந்த ஐந்தரை மெகாஹெர்ட்ஸைத்தான் அண்ணன் அன்று தோளுக்குப் பின்னாலிருந்து சுட்டிக்காட்டினார்.

இரண்டையும் கூட்டினால் பதிமூன்றல்லவா வர வேண்டும், ஒன்பது ஏன்? மீதியை இறக்கியது சென்னைக் காற்று. என் மாதிரியில் பெட்டிக்குள் வெற்றிடம். நிஜத்தில் ஐப்பசி மாதக் காற்று, ஏசி ஓடாத அறை, 30 பாகை, கசகசவென்ற ஈரம். அப்படிப்பட்ட காற்றின் ஒளிவிலகல் எண் ஒன்றைவிடப் பத்தாயிரத்தில் நான்கு பங்கு கூடுதல். 10 கிகாஹெர்ட்ஸில் 4 மெகாஹெர்ட்ஸ் இறக்கம். அளந்ததும் சோதித்ததும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் என்பதால் அலுமினியத்தின் விரிவைப் பெரும்பாலும் தள்ளிவிடலாம். அந்தப் புழுக்கக் காற்று என் பிழையில் மூன்றில் ஒரு பங்கை மறைத்துவிட்டிருந்தது. ஏசி ஓடியிருந்தால் இன்னும் கொஞ்சம் மோசமாகத் தெரிந்திருக்கும். இன்னும் சீக்கிரம் மூலையைச் சந்தேகித்திருப்பேன்.

நல்ல வேளை, பிழை மேல்பக்கம். பெட்டியின் நடுவே இறங்கும் டியூனிங் ஸ்குரூவால் அதிர்வெண்ணை இறக்கத்தான் முடியும், ஏற்ற முடியாது. பாக்கெட்டும் அப்படியே: இன்னும் வெட்டலாம், வெட்டியதை ஒட்ட முடியாது, வெட்ட வெட்ட அதிர்வெண் இறங்கும். வடிவமைப்பவன் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டு ஸ்குரூவுக்கு இடம் விடுவதும், ஆபரேட்டர் கொஞ்சம் சதை விட்டு வெட்டுவதும் ஒரே பயத்தின் இரண்டு வடிவம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சேக்காட்டுக்கு வந்தார். இத்தனை ஆண்டில் தான் வெட்டிய பெட்டி வேலை செய்வதை அவர் பார்த்ததில்லையாம். எம்3 ஸ்குரூவில் நான் ஸ்குரூடிரைவரை வைத்ததும் திரையில் கோடு நடுங்கியது. “கால் சுத்து எவ்ளோ சார், நூத்தி இருபத்தஞ்சு மைக்ரானா?” என்றார்; பிட்ச் அரை மி.மீ. என்பது அவருக்கு மனப்பாடம். ஆமாம் என்றேன். ஸ்குரூடிரைவரை வாங்கிக்கொண்டார். நான் திரையைப் பார்த்துச் சொல்ல, அவர் திரையைப் பார்க்காமலே, விரலால் உணர்ந்து, திருப்பினார்.

“போதும் அண்ணே. நட்டை இறுக்கிடுங்க.”

“இறுக்கினா கொஞ்சம் தூக்கும் சார். ஒரு முடி அளவு கூட இறக்கிட்டு இறுக்கறேன்.”